முதலில் தூக்கிய கை

ஜூன் 3

மதிப்புக்குரிய வாரிய உறுப்பினர் அவர்களுக்கு,

காது கேளாதோர், பார்வையற்றோர் கல்வி வாரியத்தின் தீர்மானச் சுருக்கம் நேற்றுத் தபாலில் வந்தது. எங்கள் பள்ளியை இரண்டாகப் பிரிக்க வாரியம் முடிவு செய்திருப்பதை அதன் மூலம் அறிந்துகொண்டேன். காது கேளாத பிள்ளைகள் துறைமுக ஊரில் உள்ள கட்டடத்துக்குப் போக வேண்டுமாம். கண் தெரியாத பிள்ளைகள் தலைநகருக்கு. பிள்ளைகள் போனதும் இந்தக் கட்டடத்துக்குப் பூட்டு.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதாம். அந்தச் சொல்லுக்குக் கீழே செயலர் கோடு போட்டிருக்கிறார். கோடு போட்டும் மனம் ஆறாமல், 'நமது சிறப்பு உறுப்பினர்கள் இருவரும் கை உயர்த்தி ஆதரித்தது வாரியத்துக்குப் பெருமை' என்று ஒரு வரி வேறு. அந்த இருவரில் ஒருவரை எட்டு வயதில் கைப்பிடித்து இந்தப் பள்ளிக்குக் கூட்டி வந்தது நான் என்பது செயலருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதற்கும் ஒரு வரி எழுதியிருப்பார்.

நடைபாதையின் கோடியில் இருக்கும் கடைசி அறை தங்களுக்கு நினைவிருக்கலாம். கண்ணும் தெரியாமல் காதும் கேட்காமல் அங்கே மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் எந்த ஊருக்குப் போவது என்று செயலரைப் போனில் கேட்டேன்.

"காது கேக்காதவங்க ஒரு பக்கம், கண்ணு தெரியாதவங்க ஒரு பக்கம்மா. ரொம்ப சிம்பிள்."

"ரெண்டும் சேர்ந்து இருக்கிற பிள்ளைங்க இருக்காங்களே சார்?"

கொஞ்ச நேரம் காகிதம் புரட்டும் சத்தம். "எது அதிகமோ அந்தப் பக்கம் அனுப்பிடுங்க" என்றார். பிறகு அவருக்கே என்னமோ போல் இருந்திருக்க வேண்டும். அரைமணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டு, "முழுத் தீர்மானத்தையும் இப்பத்தான் பாத்தேன், அதுலயே ஒரு வரி இருக்கு. அந்தப் பிள்ளைங்கள இப்போதைக்கு வீட்டுக்கு அனுப்பிவைங்கம்மா. அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். பாத்துக்கலாம் என்றால் என்ன என்று எனக்கும் தெரியும், தங்களுக்கும் தெரியும்.

இந்தக் கடிதத்தை மையால் எழுதியிருக்கிறேன். பிரெய்லில் குத்தி அனுப்பினால் விரலை வைத்துத் தனியாகப் படித்துவிட்டு டிராயரில் போட்டுவிடுவீர்கள். தங்கள் மனைவி இதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். அவள் குரலில் தாங்கள் கேட்க வேண்டும்.

போன் செய்ய வேண்டாம். எடுக்க மாட்டேன். போனில் உன்னிடம் நான் எந்தச் சண்டையிலும் ஜெயித்ததில்லை.

இப்படிக்கு,
தலைமை ஆசிரியை


ஜூன் 9

அக்காவுக்கு,

உன் விருப்பப்படியே வாய்விட்டுப் படித்தாள். 'மதிப்புக்குரிய' என்ற இடத்தில் சிரித்தாள். 'கைப்பிடித்து' என்ற இடத்தில் குரல் மாறியது. முடித்துவிட்டு, "நீங்க கை தூக்கினீங்களா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றாள். கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவனிடம் ஒரே வார்த்தையில் பதில் கேட்பது கொடுமை. இருந்தாலும் சொன்னேன். தூக்கினேன்.

ஆனால் ஓட்டுப் போடவில்லை. இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் உண்மையாகும் என்று கேட்பாய். சொல்கிறேன்.

எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர். லாரி ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம் என்று வாழ்நாள் முழுவதும் பிரித்துவிட்டு வந்தவர். இரண்டு வகைப் பிள்ளைகள் ஒரே வாசலில் நுழைவதை அவரால் தாங்க முடியவில்லை. கெட்டவர் இல்லை. ஒரு வேலையை மட்டும் நன்றாகத் தெரிந்தவர்.

கூட்டத்துக்கான காகிதங்கள் எனக்குப் பிரெய்லில் வரவேண்டும் என்பது விதி. வருகின்றன. கூட்டம் முடிந்த மறுவாரம் வருகின்றன. அதனால் ஒவ்வொரு கூட்டத்திலும் என்ன நடந்திருக்க வேண்டும் என்பதை நான் பின்னால் துல்லியமாக அறிந்துகொள்கிறேன். என் தொழிலுக்கு அது பொருத்தம்தான்.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு தலைவர், "பொருள் ஏழு. பள்ளியை ரெண்டு மையமாக்குறது. எல்லாரும் படிச்சிருப்பீங்க" என்றார். அதன் பிறகு யாரும் பேசவில்லை. யாரோ இருமினார், அவர் எப்போதும் இருமுகிறவர். யாருடைய வளையலோ குலுங்கியது. சரி, கேள்வி கேட்கச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார்கள் போல என்று நினைத்தேன். கேள்வி கேட்க வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு உன் பள்ளியில்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கையைத் தூக்கினேன்.

கடைசி அறையைப் பற்றிக் கேட்கத்தான் தூக்கினேன் அக்கா. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. தோள் வலிக்க ஆரம்பித்ததும் இறக்கிவிட்டேன். "நன்றி" என்றார் தலைவர். ஒத்திவைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தது பொருள் எட்டு, கூட்ட அறைக்குப் புது நாற்காலிகள். அதற்கு முக்கால் மணி நேரம் விவாதம் நடந்தது.

கூட்டக் குறிப்பைத் திருத்தச் சொல்லித் தலைவருக்கு எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்தைக் கல்லூரியில் நானே அச்செடுத்து நானே உறையில் போடுகிறேன். நம் சண்டைக்கு இரண்டு பேர் போதும்.

மற்றதெல்லாம் அடுத்த பக்கத்தில்.


ஜூன் 14

தம்பி,

அடுத்த பக்கம் வெறும் தாளாக வந்தது. உன் கல்லூரி மெஷினில் மை தீர்ந்திருக்கும். ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ நிழல் தெரிகிறது. விளக்கில் பிடித்துப் பார்த்தும் படிக்க முடியவில்லை. நீ மன்னிப்புக் கேட்டிருந்தால் அது அந்தப் பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும்.

கை தூக்கியும் யாரும் கூப்பிடவில்லை என்கிறாய். வாய் எங்கே போயிற்று? என்னிடம் மட்டும் கூப்பிடாமலே பேசுவாயே!

முந்தாநாள் உங்கள் வாரியத்திலிருந்து ஒருவர் கட்டடத்தைப் பார்க்க வந்தார். மருந்துக்கடை வைத்திருக்கிறாராம். வாசலில் இறங்கியதிலிருந்து இருமல். நீ எழுதிய இருமல்காரர் இவர்தான் என்று புரிந்துகொண்டேன். ஆபீஸ் அறையில் உட்காரவைத்து வெந்நீர் கொடுத்தேன். எனக்கு மனசு கேட்கவில்லை. "ஏன் சார் இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டே விட்டேன்.

அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தலைவர் வாயால கேக்காம, கையைத் தூக்கச் சொல்லி சைகைதான் காட்டினாரு. எனக்கும் யோசனையாத்தாம்மா இருந்துச்சு. பக்கத்துல இருந்த அம்மாவும் கையைத் தூக்கல. எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு உக்காந்திருந்தோம். உங்க பள்ளிக்கூடத்துல படிச்சவராமே, அந்தக் கண்ணு தெரியாத வாத்தியார், அவர்தான் முதல்ல கையைத் தூக்கினாரு. அவரே சொன்னதுக்கு அப்புறம் நாங்க யாரும்மா?" என்றார்.

உன் கடிதத்தைப் படித்து எனக்குக் கொஞ்சம் கோபம் குறைந்திருந்தது. இதைக் கேட்டதும் திரும்ப ஏறிவிட்டது. நீ வேண்டுமென்று தூக்கவில்லை என்று நம்புகிறேன். நம்பி என்ன செய்ய? மாதக் கடைசியில் லாரி வருகிறது என்று செயலர் எழுதியிருக்கிறார்.

இருமல்காரரைக் கடைசி அறைக்கும் கூட்டிப்போனேன். அங்கே வாலு என்று ஒருத்தி இருக்கிறாள். வந்து இரண்டு வருடம் ஆகிறது. வந்த புதிதில் கட்டிலுக்கு அடியில்தான் உட்கார்ந்திருப்பாள், யார் தொட்டாலும் கடிப்பாள். இப்போது அறைக்கு வருகிற எல்லோருக்கும் அவளே பெயர் வைக்கிறாள். நான் என்றால் மணிக்கட்டில் கடிகாரம் இருக்கும் இடத்தை இரண்டு தட்டு. சமையல்காரர் என்றால் முழங்கையில் ஒரு அழுத்து. போன வருடம் நீ வந்துவிட்டுப் போனாயே, உனக்கும் ஒன்று இருக்கிறது. தாடையைச் சொறிந்து காட்டுவாள். சரியாகச் சவரம் செய்யாத ஆள் என்று அர்த்தம். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

இருமல்காரர் உள்ளே போனதும் இருமினார். வாலுவுக்குத் தரையில் அதிர்வு தெரிந்திருக்கும் போல. தேடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து, தொண்டையில் கையை வைத்தாள். அவர் பயந்துவிட்டார். இருமல் நின்றுவிட்டது. வாலு கையை எடுக்கவில்லை, காத்திருந்தாள். பாவம் மனுஷன், அவளுக்காக வேண்டுமென்றே ஒரு தடவை இருமிக் காட்டினார். அவள் சிரித்தாள். இன்னொரு தடவை இருமினார். அப்படியே பத்து நிமிடம் போயிற்று.

வாலுவின் அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. யார் சொல்வது என்று நானும் கடைசி அறை டீச்சரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எங்களிடமும் உங்கள் வாரியத்தின் வியாதி தொற்றிவிட்டது.

அக்கா

பின்குறிப்பு: உன் மனைவிக்கு: இதையும் வாய்விட்டே படி.


ஜூன் 21

அக்காவுக்கு,

இந்தத் தடவை ஒவ்வொரு பக்கத்தையும் அவளிடம் காட்டிவிட்டுத்தான் உறையில் போடுகிறேன். அந்த வெறும் பக்கத்தில் இருந்தது மன்னிப்பு இல்லை. பொருள் எட்டைப் பற்றி, நாற்காலி விவாதத்தைக் கேலி செய்து எழுதியிருந்தேன். மை தீர்ந்தது நல்லதாகப் போயிற்று. மன்னிப்பை இங்கே கேட்கிறேன். முதலில் தூக்கிய கை என்னுடையது என்று எனக்குத் தெரியாது. உன் கடிதத்தை அவள் படித்து முடித்ததும் நான் சாப்பிடாமல் எழுந்து போனேன் என்பதையும் எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன்.

தலைவர் பதில் போட்டிருக்கிறார். 'தாங்கள் கையை உயர்த்தியதைக் கூட்டத்தில் இருந்த அனைவரும் பார்த்தார்கள். தாங்கள் ஒருவர்தான் பார்க்கவில்லை. எனவே குறிப்பைத் திருத்த இயலாது.' நகைச்சுவையாக எழுதவில்லை. அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஆனால் நல்ல மனிதர், கீழே விதியையும் எடுத்து எழுதியிருக்கிறார்: போன கூட்டத்தின் தீர்மானத்தை அடுத்த கூட்டம் உறுதி செய்த பிறகே அது நடைமுறைக்கு வரும். அடுத்த கூட்டம் ஜூலை முதல் வாரம். செயலர் அதற்கு முன்பே லாரிக்குச் சொல்லியிருக்கிறார். சுறுசுறுப்பு. லாரியை அனுப்பினால் கேட்டைத் திறக்காதே. விதி உன் பக்கம்.

நேற்று இன்னொரு சிறப்பு உறுப்பினரைப் பார்க்கப் போனேன். நாங்கள் இருவரும் ஒரு வருடமாக மேஜையின் ஒரே முனையில் அடுத்தடுத்து உட்கார்கிறோம். ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவருக்குக் காது கேட்காது, எனக்குக் கண் தெரியாது. சைகை மொழிபெயர்க்கும் பெண் நடுவில் இருந்தால் பேசலாம். அந்தப் பெண்ணுக்கு மதியச் சாப்பாடு வரைதான் ஏற்பாடு. பிற்பகலில் அவருக்குத் தானாகவே காது கேட்க ஆரம்பித்துவிடும் என்று வாரியம் நினைத்திருக்கலாம்.

அவர் தச்சர். கதவு, ஜன்னல், கட்டில் எல்லாம் செய்கிறார். பட்டறையில் பசை வாசனை, காலுக்கடியில் மரச்சீவல். கூட வந்திருந்த என் மனைவி ஒரு தாளில் நான் சொல்லச் சொல்ல எழுதிக் காட்டினாள். அவர் படித்துவிட்டு என் கையைப் பிடித்து, உள்ளங்கையை விரித்து, விரலால் எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக. பெரிது பெரிதாக. எட்டு வயதுவரை நான் கண்ணால் படித்த எழுத்துகள் இத்தனை வருடம் எங்கே இருந்தன என்று தெரியவில்லை, வரிசையாக எழுந்து வந்தன.

'நீங்க தூக்கினீங்க. அதான் நானும் தூக்கினேன்.'

ஏன் என்று கேட்டேன்.

'நீங்க அங்க படிச்சவர். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.'

தலைவர் மீசையும் தம்ளருமாகப் பேசுகிறவர். உதட்டைப் பார்த்துத் தச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் இருந்த என் கை மேலே போவது மட்டும் தெரிந்தது. ஆக, அவர் என்னைப் பார்த்துத் தூக்கினார். எங்கள் இருவரையும் பார்த்து மற்றவர்கள் தூக்கினார்கள். நான் யாரையும் பார்க்காமல் தூக்கினேன். உலகத்தில் எந்த வாரியத்திலும் இப்படி ஒருமனது ஏற்பட்டிருக்காது.

கிளம்பும்போது அவர் மறுபடி என் கையைப் பிடித்து ஏதோ எழுதினார். 'சவரம்' என்று மட்டும் புரிந்தது. நான் செய்துகொள்ளச் சொல்கிறாரா, செய்துகொண்டதைப் பாராட்டுகிறாரா என்று தெரியவில்லை. இவள் சிரித்தாள். உன் கடிதத்தில் இருந்ததைத் தாளில் எழுதி அவரிடம் காட்டியிருக்கிறாள்.

என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். திட்டுவதாக இருந்தாலும் எழுது.

தம்பி


ஜூன் 26

தம்பிக்கு,

இதைப் பிரெய்லில் குத்தியிருக்கிறேன். நீயே படித்துக்கொள். ரொம்ப நாளாகக் குத்தவில்லை, தப்பு இருக்கும். கோபத்தில் ஊசியை அழுத்தினால் தாள் கிழிந்துவிடுகிறது என்பதால் கோபம் போகும்வரை காத்திருந்தேன் என்று வைத்துக்கொள்.

லாரி வந்தது. கேட்டைத் திறக்கவில்லை. டிரைவர், "எனக்கென்னம்மா, கையெழுத்துப் போட்டுக் குடுங்க, போயிட்டே இருக்கேன்" என்றார். போட்டுக் கொடுத்தேன். டீ குடித்துவிட்டுப் போனார்.

வாலுவின் அம்மாவிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. வெளியில் லாரியைப் பார்த்திருக்கிறாள். அழுகையோ கத்தலோ இல்லை. "வீட்டுல அவளுக்கு என்ன டீச்சர் இருக்கு? நான் வேலைக்குப் போயிருவேன். அவ திரும்பக் கட்டிலுக்கடியில போயிருவா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு கடைசி அறைக்குப் போய் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். உள்ளே போகவில்லை. வாலுவுக்கு அம்மா வந்தது தெரிந்தால் கிளம்பும் நேரம் என்று நினைத்துக்கொள்வாளாம்.

என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய். உங்கள் வாரியத்துக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. கடைசி அறையில் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். அங்கே ஒரே ஒரு விதிதான். பிள்ளையின் கையில் சொல்லாமல் பிள்ளைக்கு எதையும் செய்யக்கூடாது. தூக்குவதற்கு முன்னால் தூக்கப்போகிறேன் என்று கையில் சொல்ல வேண்டும். ஜன்னலை மூடுவதற்கு முன்னால், சாப்பாட்டை எடுப்பதற்கு முன்னால், நாம் அறையை விட்டுப் போவதற்கு முன்னால். புதிதாக வரும் டீச்சர்கள் முதல் வாரம் இதை மறந்து கடி வாங்குவார்கள். இரண்டாவது வாரம் மறப்பதில்லை.

உன்னையும் தச்சரையும் சொல்லாமல் தூக்கிவிட்டார்கள். நீங்கள் கடிக்கவில்லை. படித்தவர்கள்.

அக்கா


ஜூலை 5

அக்கா,

கடித்தோம். மெதுவாகத்தான். பல்லே தெரியாமல்.

கூட்டம் நேற்று நடந்தது. சைகைப் பெண்ணைக் கடைசிவரை இருக்கச் சொல்லியிருந்தோம். தச்சர் அவருக்கும் சேர்த்துச் சாப்பாட்டு டப்பா கொண்டுவந்திருந்தார். கூட்டம் தொடங்கியதும் நான் எழுந்தேன். கையைத் தூக்கவில்லை, வாயைத்தான் திறந்தேன். நீ கேட்டது நினைவில் இருந்தது. என்ன ஓட்டெடுப்பு, எப்போது என்று எங்களிடம் சொல்லிவிட்டு நடத்த வேண்டும். ஒவ்வொருவரும் எழுந்து நின்று, தச்சருக்கு உதடு தெரியும்படி, எனக்குக் காதில் விழும்படி, எதற்குச் சம்மதிக்கிறோம் என்பதை முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும் என்றேன்.

"ஆமான்னு சொன்னா பத்தாதா?" என்றார் தலைவர்.

அதற்குத் தச்சர் பதில் சொன்னார். சைகைப் பெண் குரல் கொடுத்தார். "ஒத்த வார்த்தை உதட்டுல நிக்காது சார். ஆமாவும் தெரியாது, இல்லையும் தெரியாது. முழுசா சொன்னாத்தான் பிடிக்க முடியும். இந்த அம்மா எல்லா நாளும் வர்றதில்ல. உங்க மூஞ்சியப் பாத்தே நான் தெரிஞ்சுக்கணும்."

செயலருக்கு ஒரே சந்தோஷம். "நாட்டிலேயே முதல் முறையா இருக்கும் சார்" என்றார். போட்டோக்காரரைக் கூப்பிடலாமா என்று யோசனை. எல்லோரும் கையைத் தூக்கி இதை நிறைவேற்றினார்கள். தச்சர் என் உள்ளங்கையில் ஒவ்வொரு கையாகத் தட்டி எண்ணிக்கொடுத்தார். ஒரு வருடத்தில் நான் கலந்துகொண்ட முதல் ஓட்டெடுப்பு இது.

அடுத்தது, போன கூட்டத்தின் தீர்மானத்தை உறுதி செய்வது. சொல்ல வேண்டிய வாக்கியத்தைச் செயலரே எழுதிப் படித்தார். அவரிடம் கள்ளம் கிடையாது. தீர்மானத்தில் இருந்ததை ஒன்றுவிடாமல் சேர்த்துவிட்டார். 'பள்ளியை இரண்டாகப் பிரித்து, இரண்டிலும் சேராத மூன்று பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பச் சம்மதிக்கிறேன்.'

முதலில் வளையல்காரம்மா எழுந்தார். முன்னாள் பள்ளி ஆய்வாளர், கணீரென்ற குரல். 'பள்ளியை இரண்டாகப் பிரித்து' என்பது வரைக்கும் பாடம் ஒப்பிப்பதுபோல வந்தது. பிறகு வளையல் சத்தம்கூட இல்லை.

"இந்தப் பின்பாதி போன தடவையே இருந்துச்சா சார்?"

"இருந்துச்சும்மா. மூணாவது பக்கம்."

"மூணாவது பக்கமா..." என்றார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாற்காலி கிறீச்சிட்டது, புது நாற்காலிதான்.

அடுத்து உன் இருமல்காரர். எழுந்தார், இருமினார். எல்லோரும் காத்திருந்தோம். இருமல் அடங்கியதும், "அந்தப் பொண்ணு எனக்குப் பேரு வச்சிருக்கு சார்" என்றார்.

"என்ன பேரு?" என்றார் தலைவர்.

அவர் என்ன செய்து காட்டினார் என்று தச்சர் என் கையை எடுத்து என் தொண்டையிலேயே வைத்துக் காட்டினார். "டீச்சர்கிட்ட போன் பண்ணிக் கேட்டேன். நான் வந்துட்டுப் போன மறுநாளு இப்படிக் காட்டிக் கேட்டுச்சாம், அந்த ஆளு எங்கேன்னு. முப்பது வருஷமா என் இருமலக் கேட்டு எல்லாரும் எந்திரிச்சுப் போவாங்க சார். நான் இத எப்படிச் சொல்றது?" சொல்லாமல் உட்கார்ந்தார்.

அதன் பிறகு எல்லாம் அந்த வழியிலேயே போயிற்று. ஒருவர் கண்ணாடி கொண்டுவரவில்லை. ஒருவர் வாக்கியத்தில் மாற்றம் வேண்டும் என்றார். என்ன மாற்றம் என்று கேட்டால் தெரியவில்லை. கையைத் தூக்குவது சுலபம் அக்கா, அது பாட்டுக்கு மேலே போய்விடும். வாய் அப்படி இல்லை.

தலைவர் மட்டும் சொன்னார். எழுந்து, தச்சர் பக்கம் திரும்பி, தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் முழு வாக்கியத்தையும் சொன்னார். பிறகு, "அவங்களுக்குத் தனியா ஒரு இடம் கட்டணும்ங்கிறது என் எண்ணம். கட்டுற வரைக்கும்தான் வீடு" என்றார். அதையும் நம்புகிறேன். தான் நினைத்ததை வாயால் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவர்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. இது எனக்கு மிகவும் சங்கடமாக இருக்கிறது.

தீர்மானம் உறுதியாகவில்லை. பள்ளி இருக்கும் இடத்திலேயே இருக்கும். கடைசி அறையைப் பற்றி ஆராய ஒரு துணைக்குழு போட்டிருக்கிறார்கள்: நான், தச்சர், இருமல்காரர். துணைக்குழு என்றால் என்ன வேகத்தில் வேலை நடக்கும் என்று உனக்குத் தெரியும். இந்த முறை அந்த வேகத்தில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கூட்டக் குறிப்பில் செயலர் 'பெரும்பான்மையோர் பேசவில்லை' என்று எழுதியிருக்கிறார். கீழே கோடு போடவில்லை என்று தச்சர் சொன்னார்.

வாலுவின் அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. யார் சொல்வது என்று பார்த்துக்கொண்டிருக்காதே.

தம்பி


ஜூலை 10

தம்பிக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் அறையில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். பிறகு கடைசி அறை டீச்சரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுப் போய் ஜன்னல் கதவுகளை எல்லாம் துடைத்தார்.

வாலுவின் அம்மாவிடம் சொன்னேன். "சரி டீச்சர்" என்றாள். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து, "நெசமாவா?" என்று கேட்டாள். நிஜம்தான் என்றேன். அப்புறம்தான் அறைக்குள் போனாள்.

இன்னொரு விஷயம். உன் பெயர் மாறிவிட்டது. இங்கே சமையலறை முதல் தோட்டம் வரைக்கும் ஒரு மாதமாக உனக்கு 'கை தூக்கி' என்றுதான் பெயர். முதலில் திட்டுவதற்காக வைத்தது. இப்போது பாசத்தில் நிலைத்துவிட்டது. கடைசி அறை டீச்சர் நடந்ததை எல்லாம் வாலுவின் கையில் சொல்லியிருக்கிறார். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. ஆனால் இப்போது தாடையைச் சொறிவதில்லை. யாருடைய கையையாவது பிடித்து மேலே தூக்கினால் அது நீ.

துணைக்குழு அறையைப் பார்க்க வர வேண்டும் அல்லவா? இருமல்காரர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார், எப்போது வரலாம் என்று. தச்சர் வந்தால் பாதி ஜன்னல் சரியாக மூடவில்லை என்று சொல். நீ இன்னும் தேதி சொல்லவில்லை.

இதைக் கடைசி அறையில் உட்கார்ந்துதான் குத்துகிறேன். ஊசி குத்துவது மேஜையில் அதிர்கிறது போல. வாலு வந்து பக்கத்தில் நின்றாள். கடிகாரத்தைத் தொட்டு நான்தான் என்று பார்த்துக்கொண்டாள். பிறகு என் இடது கையைப் பிடித்து மேலே தூக்கினாள். நான் இறக்கினேன். திரும்பத் தூக்கினாள்.

"உங்க தம்பி எப்ப வருவாருன்னு கேக்குறா" என்றார் டீச்சர்.

ஒற்றைக் கையால் குத்துகிறேன், வரி கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பதில் சொல்லாமல் இவள் விடப்போவதில்லை. தோள் வலிக்கிறது என்று கையை இறக்கிவிடுகிற ஆள் இல்லை இவள்.

அக்கா